தற்காலிக ஏற்பாடுகள்

நீண்ட பதிவு. நேரம் இருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

உலக ஊடக சுதந்திர தினமான மே 3ஆம் திகதிக்காக பதினோராம் தரப் பிள்ளைகள் சுவர்ப் பத்திரிகை ஒன்று தயாரித்தார்கள். வழக்கம் போல வண்ணத் தாள், பசை, பிரிஸ்டல் போர்ட் என்று வகுப்பே அமளிதுமளி. ஒரு மாணவி "எமது நாட்டில் எழுத்துச் சுதந்திரம்" என்று ஒரு பக்கம் எழுதித் தந்தாள். அழகான கையெழுத்து, பிழையும் குறைவு. அதில் இரண்டு வசனங்களை நாம் சிவப்புப் பேனையால் வெட்டினோம்.

ஒன்று, கவிதைப் புத்தகம் எழுதியதற்காக ஓர் ஆசிரியர் ஒன்றரை வருடத்துக்கு மேல் தடுத்து வைக்கப்பட்டிருந்தார் என்பது. மற்றது, லசந்த விக்கிரமதுங்கவைக் கொன்றவர்கள் இன்றுவரை தண்டிக்கப்படவில்லை என்பது.

"சேர், இது பொய்யா?"

"பொய்யில்ல மகள்."

"அப்ப ஏன் சேர்?"

"இடம் காணாது" என்றோம். சுவரில் இடம் தாராளமாக இருந்தது. அவளும் அதைப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் தாளை வாங்கிக்கொண்டு போய், அந்த இரண்டு வசனமும் இல்லாமல் திரும்ப எழுதி ஒட்டினாள்.

அந்த "அப்ப ஏன்" என்ற கேள்விக்கு அன்று சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறோம். வரலாறு கற்பிக்கும் எமக்கு, வரலாற்றின் வழியாகத்தான் எதையும் சொல்ல வருகிறது.

பொதுவாக எம்மிடம் ஓர் எண்ணம் இருக்கிறது. யுத்தம் வந்ததால்தான் பத்திரிகைகளின் வாய் அடைக்கப்பட்டது, யுத்தம் முடிந்ததும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறது என்று. காலவரிசையை எடுத்துப் பார்த்தால் அப்படி இல்லை.

எமது சமூகத்தின் பத்திரிகை வரலாறு 1882இல் தொடங்குகிறது. கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி சித்திலெப்பை "முஸ்லிம் நேசன்" வார இதழை அந்த ஆண்டில்தான் ஆரம்பித்தார். ஆங்கிலேயர் எகிப்திலிருந்து நாடுகடத்திய ஒராபி பாஷா 1883 ஜனவரியில் இங்கே வந்திறங்கியபோது, அவரைப் பற்றி எம்மவர் தமிழில் வாசித்தது அந்த இதழில்தான். பேரரசு தோற்கடித்து நாடுகடத்திய ஒருவரைப் பற்றி, அதே பேரரசின் ஆட்சிக்குக் கீழ் இருந்துகொண்டு மரியாதையோடு எழுதிய பத்திரிகை அது. பள்ளிக்கூடங்கள் வேண்டும், பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று அது விடாமல் எழுதியது. இன்று நாம் ஆசிரியர் தொழில் பார்ப்பதற்கும் அந்த எழுத்துக்கும் சம்பந்தம் உண்டு.

சுதந்திரத்துக்குப் பிறகு பத்திரிகை மீது கை வைக்கப் பார்த்த முதல் பெரிய முயற்சி 1964இல் நடந்தது. டி.ஆர். விஜேவர்தன உருவாக்கிய லேக் ஹவுஸ் அப்போது நாட்டின் பலம் வாய்ந்த பத்திரிகை நிறுவனம். எமது தினகரனும் 1932 முதல் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அதை அரசுடைமையாக்க சிறிமாவோ பண்டாரநாயக்கவின் கூட்டரசாங்கம் முயன்றது. சி.பி. டி சில்வாவும் அவருடன் இன்னும் பலரும் எதிரணிக்குத் தாவினார்கள். 1964 டிசம்பர் 3ஆம் திகதி 74க்கு 73 என்று ஒரே ஒரு வாக்கினால் அரசாங்கம் தோற்றது. ஒரு பத்திரிகை நிறுவனத்தைத் தொடப்போய் அரசாங்கமே கவிழ்ந்த நாடு இது என்று சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை.

ஆனால் ஒன்பது வருடம் கழித்து அதே காரியம் சுலபமாக முடிந்தது. 1971 கிளர்ச்சிக்காகக் கொண்டுவந்த அவசரகாலச் சட்டம் கிளர்ச்சி அடங்கிய பிறகும் 1977 பெப்ரவரி வரை நீடித்தது. அந்த நிழலில்தான் 1973இல் லேக் ஹவுஸ் சட்டம் வந்தது. நிறுவனத்தின் 75 வீதப் பங்குகள் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் போயின. பங்குகள் பிறகு பொதுமக்களுக்குப் பரவலாகப் பகிரப்படும் என்றார்கள். இன்னும் பகிரப்படவில்லை. பத்திரிகைச் சபைச் சட்டமும் அதே ஆண்டுதான். 1974 ஏப்ரலில் தவச நிறுவனத்தின் அச்சகத்துக்குச் சீல் வைக்கப்பட்டது. தினபதியும் சிந்தாமணியும் அங்கிருந்து வந்தவை. 1977 வரை அவை வெளிவரவில்லை.

அப்போது எமது சமூகம் என்ன செய்தது? பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்த காலம் அது. எமது ஊர்களில் பலருக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தது, பாடசாலைகள் எழுந்தன. நியமனக் கடிதம் வந்த வீட்டில் யாரும் தினபதிக்காகக் கவலைப்பட மாட்டார்கள். குறை சொல்ல இதை எழுதவில்லை. எமது மூத்தவர்களின் இடத்தில் நாம் இருந்திருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்போம். ஆனால் நல்லது செய்கிற அரசாங்கம் பத்திரிகையைப் பூட்டினால் நமக்கென்ன என்ற பழக்கம் எம்மிடம் எங்கே தொடங்கியது என்று தேடினால், இந்த இடம் வரத்தான் செய்கிறது.

1970இல் தெரிவான அந்தப் பாராளுமன்றம் புதிய அரசியலமைப்பின் மூலம் தன் ஆயுளை 1977 வரை நீட்டிக்கொண்டது. அதைக் கண்டித்து ஆட்சிக்கு வந்தவர்கள் 1982 டிசம்பரில் சர்வஜன வாக்கெடுப்பு ஒன்றை நடத்தி, பொதுத் தேர்தலே இல்லாமல் தமது ஆயுளை ஆறு வருடம் நீட்டிக்கொண்டார்கள். இரண்டு பெரிய கட்சிகளும் சமமாகத்தான் செய்திருக்கின்றன. கட்சிக்காரர் யாரும் பின்னூட்டத்தில் சண்டைக்கு வர வேண்டாம்.

இனி தலைப்புக்கு வருகிறோம்.

1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. முழுப் பெயரில் அடைப்புக்குள் "தற்காலிக ஏற்பாடுகள்" என்று இருக்கிறது. மூன்று வருடங்களுக்கென்று வந்த சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது, ஆனால் பெயரில் இருந்த அடைப்புக்குறியை யாரும் எடுக்கவில்லை. அன்று பிறந்தவர்களுக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். குண்டு வைப்பவர்களைப் பிடிக்கத்தான் அந்தச் சட்டம் என்று நினைப்போம். ஆனால் பேச்சினாலோ எழுத்தினாலோ இன, மத முறுகலை ஏற்படுத்துவதும் அதில் குற்றம். அதிகாரியின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் சில விடயங்களை அச்சிடக் கூடாது என்றும் ஒரு பிரிவு இருந்தது. ஆக, துப்பாக்கியையும் பேனையையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

1981 மே 31 இரவும் அதை அடுத்த நாட்களும் யாழ்ப்பாணத்தில் நடந்ததை எல்லோரும் அறிவோம். நூலகம் எரிந்தது. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டது பலருக்கு ஞாபகம் இல்லை. நூலக எரிப்பைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட கவிதைகளில் இன்றுவரை முதலில் நினைவுக்கு வருவது "புத்தரின் படுகொலை". எழுதியவர் கிழக்கின் கல்முனைக் கரையிலிருந்து வந்த எம்.ஏ. நுஃமான். எமது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். யாழ்ப்பாணத்து நூலகம் எரிந்தபோது அதற்காகக் கவிதை எழுதிய முஸ்லிம் ஒருவர் இருந்தார்.

பிறகு யுத்தம். இங்கே ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது.

தெற்கில் 1990 பெப்ரவரி 18ஆம் திகதி ஊடகவியலாளரும் கவிஞருமான ரிச்சர்ட் டி சொய்சா வீட்டிலிருந்து கடத்தப்பட்டார். மொரட்டுவைக் கடற்கரையில் அவருடைய உடல் ஒதுங்கியது. தாயார் டொக்டர் மனோராணி சரவணமுத்து நீதிக்காகப் போராடினார். தென்னிலங்கையில் பிள்ளைகளை இழந்த தாய்மார்களின் இயக்கத்துக்கும் அவர் முகமானார்.

வடக்கில் வேறொரு துப்பாக்கி. ராஜனி திராணகம 1989 செப்டம்பர் 21ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். "முறிந்த பனை" நூலை எழுதியவர்களில் ஒருவர். கவிஞர் செல்வி 1991இல் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார், திரும்பி வரவில்லை. இவர்களுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு யார் எழுதுவார்கள்?

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்து, இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள். வட மாகாணம் முழுவதிலுமிருந்து சுமார் 75,000 பேர். புலிகளின் கட்டுப்பாட்டில் அச்சான பத்திரிகைகளுக்கு அதைக் கண்டிக்கும் சுதந்திரம் இருக்கவில்லை. அயலவன் அழுதான், சிலர் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள், ஆனால் அவனால் ஒரு வரி எழுத முடியவில்லை. புத்தளத்து முகாம்களில் வளர்ந்த எமது பிள்ளைகள் "ஒருத்தரும் எமக்காகப் பேசவில்லை" என்று நினைத்துக்கொண்டே பெரியவர்களானார்கள். பேச விரும்பியவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களின் வாயும் அடைக்கப்பட்டிருந்தது என்பது அந்த வயதில் புரியாது.

எமது பக்கத்திலும் ஒரு மௌனம் இருக்கிறது. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதை வருடா வருடம் நினைவுகூர்கிறோம், கூர வேண்டும். அந்தக் காலத்தில் கிழக்கின் தமிழ்க் கிராமங்கள் சிலவற்றில் எமது ஊர்காவற் படையினர் சிலரின் கையால் நடந்தவற்றைப் பற்றி நாம் பேசுவதும் இல்லை, எழுதுவதும் இல்லை. எழுதியவனை ஊருக்குத் துரோகி என்போம். பத்திரிகைச் சுதந்திரம் பற்றிப் பேசும்போது அரசாங்கத்தை மட்டும் பார்ப்பது எமக்கு வசதியாக இருக்கிறது.

2000ஆம் ஆண்டு மே மாதம் யுத்தச் செய்திகள் மீது கடுமையான தணிக்கை வந்தது. சண்டே லீடர் பத்திரிகை மூடப்பட்டது. பிறகு உயர் நீதிமன்றம் அந்த மூடல் சட்டப்படி செல்லாது என்றது. அதே வருடம் ஒக்டோபர் 19ஆம் திகதி, யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு வேளையில், மயில்வாகனம் நிமலராஜன் தனது வீட்டில் வைத்துக் கொல்லப்பட்டார். பிபிசிக்குச் செய்தி அனுப்பியவர். வீரகேசரிக்கும் எழுதினார், சிங்களத்தில் ராவயவுக்கும் எழுதினார். மூன்று மொழி வாசகர்களுக்கும் யாழ்ப்பாணத்தைக் காட்டிய ஒரு சன்னல் அது.

2004 மே 31ஆம் திகதி காலை மட்டக்களப்பு நகரில் ஐயாத்துரை நடேசன் சுடப்பட்டார். "நெல்லை நடேசன்" என்ற பெயரில் அவர் எழுதியதை எமது ஊர் வாசிகசாலையில் வரிசையில் நின்று வாசித்திருக்கிறோம். வீரகேசரி ஒரு பிரதி, வாசிப்பவர் பத்துப் பேர். கிழக்கின் முஸ்லிம்களும் தமிழர்களும் ஒரே தாளில் வாசித்த எழுத்து அது. அவர் இறந்த செய்தி வந்த அன்று ஆசிரியர் ஓய்வறையில் ஒருவர் சொன்னார்: "அது தமிழாக்கள்ட பிரச்சின. நமக்கு ஏன்?" நாமும் அங்கே இருந்தோம். தேநீர் குடித்தோம். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மணி அடித்தது, வகுப்புக்குப் போனோம்.

2005 ஏப்ரல் 28ஆம் திகதி தராக்கி சிவராம் கொழும்பில் கடத்தப்பட்டு மறுநாள் சடலமாகக் கிடந்தார். 2006இல் யுனெஸ்கோ உலக ஊடக சுதந்திர தின மாநாட்டைக் கொழும்பில் நடத்தியது. மாநாடு நடந்துகொண்டிருக்கையில், மே 2ஆம் திகதி, யாழ்ப்பாணத்தில் உதயன் அலுவலகத்துக்குள் ஆயுததாரிகள் புகுந்து இரண்டு ஊழியர்களைச் சுட்டுக் கொன்றார்கள். மாநாட்டு மண்டபத்துக்கும் அந்த அலுவலகத்துக்கும் இடையே சுமார் 400 கிலோமீற்றர் தூரம்.

2009 ஜனவரி 8ஆம் திகதி லசந்த. பட்டப்பகல், கொழும்பை அண்டிய வீதி, வேலைக்குப் போகும் நேரம். தான் கொல்லப்படுவேன் என்று எதிர்பார்த்து அவர் எழுதி வைத்ததாகச் சொல்லப்பட்ட ஆசிரியர் தலையங்கம் மூன்று நாட்களின் பின் வெளியானது. உலகம் முழுவதும் அதை வாசித்தது.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. பாற்சோறு சமைத்தார்கள், பட்டாசு கொளுத்தினார்கள். எமது ஊர்களிலும் நிம்மதி இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. இரவில் பயணம் போகலாம், கடலுக்குப் போகலாம், வயலுக்குப் போகலாம். இனி எழுதுபவர்களுக்கும் பயமில்லை என்று நினைத்தோம்.

அந்த ஓகஸ்ட் 31ஆம் திகதி ஊடகவியலாளர் திஸ்ஸநாயகத்துக்கு 20 வருடக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. 2006இல் ஒரு சிறு சஞ்சிகையில் எழுதிய கட்டுரைகளுக்காக, அதே "தற்காலிக" சட்டத்தின் கீழ். உலக எதிர்ப்புக்குப் பின் 2010இல் ஜனாதிபதி மன்னிப்புக் கிடைத்தது. 2010 ஜனவரி 24ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாட்கள் இருக்கையில், பிரகீத் எக்னெலிகொட காணாமல் போனார். மனைவி சந்தியா அன்றிலிருந்து நீதிமன்றப் படி ஏறிக்கொண்டிருக்கிறார். அவர் சிங்களப் பெண். வடக்கில் பிள்ளைகளைத் தேடும் தமிழ்த் தாய்மாரோடு போய் வீதியில் நின்றவர். 2011இல் உதயன் செய்தி ஆசிரியர் குகநாதன் இரும்புக் கம்பியால் தாக்கப்பட்டார். 2013 ஏப்ரலில் அந்தப் பத்திரிகையின் கிளிநொச்சி அலுவலகமும் பிறகு யாழ்ப்பாண அச்சகமும் தாக்கப்பட்டன. யுத்தம் முடிந்து நான்கு வருடம். 2014இல் எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பின் பட்டியலில் 180 நாடுகளில் இலங்கை 165ஆவது.

அந்தப் பட்டியலை அப்போது நாம் பார்த்ததே இல்லை. எமக்கு அது விளங்கியது 2014 யூன் 15ஆம் திகதி இரவு.

அளுத்கமையில் கடைகள் எரிந்துகொண்டிருந்தன. உறவுக்காரர்கள் தொலைபேசியில் அழுதார்கள். தொலைக்காட்சியைப் போட்டால் வழமையான நிகழ்ச்சிகள். பெரிய ஊடகங்கள் அன்றிரவு ஏறக்குறைய மௌனமாக இருந்தன. எமக்குச் செய்தி வந்தது முகநூலிலும் டுவிட்டரிலும்தான், அதில் எது மெய் எது பொய் என்று பிரிக்கவும் வழியில்லை. எமக்கு நடப்பது நாட்டில் யாருக்கும் தெரியவில்லை என்ற உணர்வு எப்படியிருக்கும் என்று அன்றுதான் பட்டோம். முள்ளிவாய்க்காலில் இருந்தவர்களுக்கு அந்த உணர்வு மாதக்கணக்கில் இருந்திருக்கும் என்பதும் அன்றுதான் தலையில் ஏறியது. பிந்திய ஞானம்.

2015 ஆட்சி மாற்றம் சில நல்லதைச் செய்தது, அதையும் எழுத வேண்டும். 19ஆவது திருத்தம் தகவல் அறியும் உரிமையை அரசியலமைப்புக்குள் கொண்டுவந்தது. 2016இல் சட்டம் நிறைவேறி, 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. ஒரு சாதாரண பெற்றோர் வெள்ளைத்தாளில் எழுதி அரச காரியாலயத்திடம் கேள்வி கேட்கலாம், காரியாலயம் பதில் சொல்லியே ஆக வேண்டும். இந்தச் சட்டத்தை எமது ஊர்களில் நாம் இன்னும் ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை. ஆனால் 2018 மார்ச்சில் திகன எரிந்தபோது அதே அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் சுமார் ஒரு வாரம் முடக்கியது. வெறுப்புப் பரவாமல் தடுக்கவாம். ஆனால் வெறுப்புப் பதிவுகள் பற்றிய முறைப்பாடுகள் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே இருந்தன. 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி இரவு திடீரென்று வேறொரு பிரதமர் நியமிக்கப்பட்டபோது ஆதரவாளர்கள் முதலில் புகுந்த இடங்களில் ரூபவாஹினியும் லேக் ஹவுசும் இருந்தன. 1973இல் எடுத்த பங்குகளை யாரும் திருப்பிக் கொடுக்காததன் பயன் அன்றிரவு தெரிந்தது. நாற்காலியை யார் பிடிக்கிறாரோ அவருக்கே பத்திரிகையும். அந்த டிசம்பரில் உயர் நீதிமன்றம் பாராளுமன்றக் கலைப்பைச் சட்டவிரோதம் என்று தீர்த்திராவிட்டால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும்.

2019 ஏப்ரல் 21 தாக்குதலுக்குப் பின் வந்த மாதங்களை எமது வாசகர்களுக்கு விபரிக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறோம். அந்த மே மாதம் ஒரு சிங்கள நாளிதழ் முதற்பக்கத்தில், ஒரு வைத்தியர் 4,000 சிங்களத் தாய்மாருக்குத் திருட்டுத்தனமாகக் கருத்தடை செய்தார் என்று எழுதியது. அடுத்த நாள் குருநாகல் வைத்தியசாலை டொக்டர் ஷாபி கைதானார். குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. பின்னர் அவர் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டார், நிலுவைச் சம்பளமும் கிடைத்தது. அளுத்கமையில் எழுதாமல் விட்டதால் பட்டோம், இங்கே எழுதியதால் பட்டோம். சுதந்திரம் இருந்தால் மட்டும் போதாது, செய்தியைச் சரிபார்க்கிற ஒழுக்கமும் வேண்டும் என்று எமது ஊரில் பலர் சொல்வது இதனால்தான். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த ஒழுக்கத்தைக் கொண்டுவரும் பொறுப்பைப் பொலிசாரிடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை அடுத்த வருடமே பார்த்தோம்.

2020 ஏப்ரலில் ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர் ரம்ஸி ராஸிக் கைதானார். முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புப் பிரசாரத்துக்குப் பேனையாலும் விசைப்பலகையாலும் பதில் சொல்லுங்கள் என்று முகநூலில் எழுதினார். அதில் "ஜிஹாத்" என்ற சொல் இருந்தது. சுகவீனமான அந்த மனிதர் ஐந்து மாதத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். பயன்படுத்திய சட்டம் 2007இன் ஐசிசிபிஆர் சட்டம். மனித உரிமைகளைப் பாதுகாக்கவென்று கொண்டுவந்த சட்டம் அது! 2023இல் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது.

அடுத்த மாதம் அஹ்னாப் ஜஸீம். மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த இளைஞர், ஆசிரியர், "நவரசம்" என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்பை எழுதியவர். தீவிரவாதத்தைத் தூண்டும் புத்தகம் என்று சொல்லிப் பிடித்தார்கள். தமிழ் தெரிந்தவர்கள் வாசித்துவிட்டு, தீவிரவாதத்தையும் வன்முறையையும் கண்டிக்கும் கவிதைகள் அதிலிருக்கின்றன என்றார்கள். அதை நிறுவுவதற்கு வருடங்கள் பிடித்தன. 2021 டிசம்பரில் பிணை. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது.

இதைத்தான் எமது மாணவி ஒரு வசனத்தில் எழுதினாள்.

அஹ்னாப் கைதானபோது ஆசிரியர் வட்ஸ்அப் குழுக்களில் நடந்தது எமக்கு மறக்காது. முதல் நாள் செய்தி வந்தது. இரண்டாம் நாள் குழு நிர்வாகி "அரசியல் பதிவுகள் வேண்டாம்" என்றார். மூன்றாம் நாள் சிலர் தம் வீட்டுப் புத்தக அலுமாரிகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். அரபு எழுத்துள்ள புத்தகங்கள், தமிழ்ப் புத்தகங்கள், பழைய சஞ்சிகைகள். எரித்தவர்களும் இருக்கிறார்கள். 1981இல் எரித்தவன் வெளியிலிருந்து வந்தான். 2019க்குப் பிறகு எமது புத்தகங்களை நாமே எரித்தோம். அஹ்னாபுக்காகக் குரல் கொடுத்தவர்களில் கணிசமானோர் தமிழர்களும் சிங்களவர்களும். 2004இன் அந்த ஓய்வறைத் தேநீர் அப்போது ஞாபகம் வந்தது.

அதே காலத்தில்தான் கொரோனாவில் இறந்த எமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. எமது வேதனையைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய சிலர் இருந்தார்கள். பொரளை கனத்தை வேலியில் வெள்ளைத் துணி கட்டியவர்களும் இருந்தார்கள். 2021 பெப்ரவரியில் கொள்கை மாறியது, ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. யாரும் எழுதாமல் இருந்திருந்தால் அந்த மன்னிப்பும் வந்திராது.

இப்போதைய நிலை? 2022 ஏப்ரலில் போராட்டம் எழுந்ததும் சமூக ஊடகங்களை முடக்கினார்கள், ஒரு நாளுக்குள் திறக்க வேண்டி வந்தது. 2024 ஜனவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 62க்கு எதிராக 108 வாக்குகளால் நிறைவேறியது. அந்த வருடம் எல்லைகளற்ற செய்தியாளர்கள் பட்டியலில் 150ஆவது இடம். ஆட்சி மாறியது, பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்றவர்கள் வந்தார்கள். 2025 மார்ச்சில் இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டியதற்காக 22 வயது இளைஞன் ஒருவன் அதே சட்டத்தில் தடுத்து வைக்கப்பட்டான். சில வாரங்களில் விடுவித்தார்கள், உண்மைதான்.

கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்டம்பரில். அதன் ஆயுள் 2017இல் முடிந்தது. குடியுரிமைக் கல்விப் பாடத்தில் மாகாண சபையின் அதிகாரங்களைப் பட்டியலிடச் சொல்லிக் கேள்வி வரும். சபையே இல்லாமல் பிள்ளைகள் பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள், புள்ளியும் எடுக்கிறார்கள்.

எமது வீட்டுக்குள்ளும் ஒரு தணிக்கை இருக்கிறது. 1951இன் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில் திருத்தம் வேண்டும் என்று எழுதிய எமது பெண்களுக்கு முகநூலில் கிடைத்த ஏச்சுக்களை வாசித்திருப்பீர்கள். அவர்களில் சிலர் எமது பாடசாலைகளில் படித்த பிள்ளைகள். அவர்களுடைய கருத்தை ஏற்பதும் விடுவதும் வேறு விடயம். ஆனால் "எழுதாதே" என்று சொன்னவர்கள் பொலிசாரோ இராணுவமோ அல்லர்.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு நேரான பதில். நாம் அரச ஆசிரியர். தாபன விதிக்கோவை எம்மைக் கட்டுப்படுத்துகிறது. 2022 செப்டம்பரில், சமூக ஊடகங்களில் கருத்துச் சொல்லும் அரச ஊழியர்களுக்கு ஒழுக்காற்று நடவடிக்கை வரும் என்று சுற்றறிக்கையும் வந்தது. சுவர்ப் பத்திரிகையைப் பார்க்க வலயத்திலிருந்து யாரும் வரலாம், யாராவது படம் எடுத்து எங்காவது போடலாம், அதற்கு யார் எந்த அர்த்தத்தைக் கற்பிப்பார்கள் என்று தெரியாது. எமக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன, வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் வெட்டினோம். யாரும் எமக்கு வெட்டச் சொல்லவில்லை. அதிபருக்குத் தெரியவே தெரியாது.

இந்தப் பதிவில் உள்ளவை எல்லாம் ஏற்கனவே நீதிமன்றங்களிலும் பத்திரிகைகளிலும் பகிரங்கமாக வந்தவை. புதிதாக ஒரு இரகசியமும் இல்லை. இருந்தும் மூன்று தடவை எழுதி மூன்று தடவை அழித்தோம். நான்காவதைத்தான் வாசிக்கிறீர்கள். தயவுசெய்து இதைப் பகிரும்போது வெட்டி ஒட்டாமல் முழுமையாகப் பகிருங்கள், தேவையில்லாத தலைப்புப் போட வேண்டாம்.

நாம் சிவப்புப் பேனையால் கீறிய அந்த முதல் தாள் எமது மேசை லாச்சிக்குள் இருக்கிறது. அவள் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. திங்கட்கிழமை மூன்றாம் பாடம் அவளுடைய வகுப்பில். தாளைக் கையில் கொண்டுபோய் அவளிடம் கொடுப்பதாக இருக்கிறோம். அந்த இரண்டு வசனத்தையும் திரும்ப எழுதுவதா விடுவதா என்பதை அவளே தீர்மானிக்கட்டும். சுவரில் இடம் இன்னும் இருக்கிறது.